கட்டம் கட்டமாய் வகிடு

“எல்லாரும் தேங்கா நாருங்கறாங்க, டீச்சர்.”

மங்கை தாளை நனைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எல்லாரும்னா யாரு?”

“கண்காட்சியில என் படத்தைப் பார்க்க வந்தவங்க. ஒருத்தர் கால்மிதியான்னு கேக்கறார். ஒரு அம்மா, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்குன்னு சொல்லிச் சிரிக்கறாங்க. அது முடி. என் தலைமுடி. ஒருத்தருக்கும் தெரியல.”

“அட்டையில என்ன ஒட்டினீங்க?”



“தேங்கா நார்,” என்றாள் செலஸ்தின்.

மங்கை தாளைப் புரட்டி மறுபக்கத்தை நனைத்தாள்.

*

இந்தக் கதையில் குருதான் வயதில் சின்னவள். சீடப்பெண் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அதனால் குரு சீடரை ‘அக்கா’ என்பாள். சீடர் குருவை ‘டீச்சர்’ என்பாள். அவர்கள் இருவருக்கும் இதில் சங்கடம் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

மங்கையின் அச்சோவியப் பட்டறை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய தறிக்கூடத்தில் இருந்தது. உள்ளே கையால் சுற்றுகிற பிரஸ் ஒன்று, மை குழைக்கக் கண்ணாடிப் பலகை ஒன்று, தாள் காயப்போடக் கொடிகள்.

அட்டையில் எதையாவது ஒட்ட வேண்டும். வார்னிஷ் பூச வேண்டும். காய்ந்ததும் மை தேய்த்து, மேலே நிற்கும் மையைத் துணியால் துடைத்து, ஈரத்தாளைப் போர்த்தி, அதன்மேல் கம்பளம் போட்டு, பிரஸ்ஸில் விட வேண்டும். அட்டையில் இருப்பது தாளுக்கு வந்துவிடும். மங்கை கற்றுக்கொடுப்பது அவ்வளவுதான்.

அதற்கு மேல் எதையாவது கேட்டு வருகிறவர்களைத் தாள் நனைக்கச் சொல்லிவிடுவாள். பாதிப் பேர் ஒருநாள் நனைத்துவிட்டு மறுநாள் வரமாட்டார்கள்.

செலஸ்தின் வந்துகொண்டே இருந்தாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

*

அவளுடைய அப்பா சவரிராயன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். மார்த்தினிக் தீவில் வேலை பார்த்தபோது லெயோனி என்ற கறுப்பினப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். லெயோனி சின்ன வயதிலேயே நோயில் விழுந்து இறந்துபோனாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

ஊரில் யாருக்கும் அந்த முடியை என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தை சீப்பை வைத்து இழுத்தாள். சீப்பின் பல் உடைந்தது. அத்தை மகள்கள் நார்த்தலை என்று பெயர் வைத்தார்கள்.

முடிவில் சவரிராயன் சலூன்காரரை வீட்டுக்கு வரச் சொன்னார். அதிலிருந்து மாதம் தவறாமல் சலூன்காரர் வந்தார். பையன் மாதிரி ஒட்ட வெட்டிவிட்டுப் போனார். செலஸ்தின் பெரியவள் ஆனாள், பிரெஞ்சு டீச்சர் ஆனாள், ரிடையரும் ஆனாள். சலூன்காரருக்குப் பிறகு அவர் மகன் கோதண்டம் வந்தார். முடி மட்டும் வளரவில்லை.

கல்யாணமும் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

பெரிய மார்க்கெட்டில் இன்றைக்கும் யாராவது ஒருவர் அவளைப் பார்த்து, “தமிழ் நல்லா பேசறீங்களே,” என்பார். அவள் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குவாள். சொந்த ஊரில் ஆயுசு முழுக்க விருந்தாளியாக இருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

*

மறுநாள் செலஸ்தின் வந்தவுடன் கேட்டாள்.

“நார் ஒட்டாம வேற எதை ஒட்டுவேன் டீச்சர்? என் தலையில ஏது முடி?”

“அப்ப வளரட்டும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? உங்க தலை.”

“அதுவரைக்கும்?”

“தாள் நனைங்க.”

செலஸ்தின் தொட்டியில் தாளை இறக்கினாள். மங்கை மைக் கத்தியைத் துடைத்தபடி கேட்டாள்.

“அது முடின்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணுமா அக்கா?”

“எல்லாருக்கும் தெரிய வேணாம். ஒருத்தருக்காவது தெரியணும்.”

“யாருக்கு?”

செலஸ்தின் அடுத்த தாளைத் தொட்டியில் இறக்கினாள். வீட்டில் இருந்தது அவளும் அப்பாவும் மட்டும்தான். 

*

அடுத்த முறை சலூன்காரர் கோதண்டம் பையோடு வந்து கூடத்தில் துணியை உதறினார்.

“இன்னிக்கு வேணாம் கோதண்டம்.”

“உடம்பு சரியில்லையாம்மா?”

“நல்லாத்தான் இருக்கேன். இனிமே வேணாம்.”

சவரிராயன் பேப்பரை இறக்கினார்.

“ஏன்?”

“வளர்க்கலாம்னு இருக்கேன்பா.”

“இந்த வயசுலயா?”

“இந்த வயசுலதான்.”

அவர் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

கோதண்டம் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். 

*

முடி வளர்ந்தது.

அது வளர வளர, சவரிராயன் மகளைப் பார்ப்பது குறைந்தது. முன்பெல்லாம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இப்போது அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அவள் அந்த நார்ப் படங்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினாள்.

“எப்படிப்பா இருக்கு?”

“நல்லாருக்கு,” என்றார். அவர் பார்த்தது பக்கத்தில் தொங்கிய காலண்டரை.

“நீங்க பார்க்கவேயில்லியேப்பா.”

“பார்த்தேன்.”

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. டிவியில் புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

“சின்ன வயசுல என்னை வெளிய கூட்டிட்டுப் போக உங்களுக்கு வெட்கமா இருந்துச்சாப்பா?”

சவரிராயன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

செலஸ்தின் எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. அவரும் பசிக்கிறது என்று சொல்லவில்லை.

*

“மாதா கோயில்ல பூசை நடக்குது டீச்சர். பின்னாடி பெஞ்சுலேருந்து ஒரு அம்மா என் தலையில விரலை வச்சு அமுக்கினாங்க. ஸ்பாஞ்ச் மாதிரி இருக்குன்னு பக்கத்துல சொன்னாங்க. சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டறார். நான் எப்படித் திரும்பிச் சண்டை போடறது?”

மங்கை கையிலிருந்த உருளையைக் கீழே வைத்தாள்.

“எவ்வளவு அமுக்கினாங்க?”

“என்ன டீச்சர்?”

“விரலை வச்சாங்க இல்ல, எவ்வளவு அமுக்கினாங்க?”

“கொஞ்சம்தான்.”

“விரலை எடுத்ததும் முடி என்ன பண்ணிச்சு?”

செலஸ்தினுக்குக் கோபம் வந்தது. ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்வாள் என்று வந்தால் இவள் கேட்பதைப் பார்.

“என்ன பண்ணும்? எழுந்துக்கிச்சு.”

மங்கை தலையாட்டினாள். உருளையை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

*

காதுக்குப் பின்னால் இருந்து கொஞ்சம் வெட்டிக் கொண்டுவந்தாள் செலஸ்தின். அட்டையில் பசை தடவி முடியை ஒட்டினாள். ஒட்டவில்லை. இங்கே அமுக்கினால் அங்கே வழுக்கியது. பாதி ஒட்டியதைப் பிரஸ்ஸில் விட்டுப் பார்த்தாள். தாளில் முடி வரவில்லை. வடை வைத்த பேப்பர் மாதிரி எண்ணெய்க் கறை வந்தது.

மங்கை தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

“தேங்கா எண்ணெயா?”

“தினமும் வைக்கறேன். வைக்காம எப்படி இருக்கிறது?”

“யாரு வைக்கச் சொன்னாங்க?”

“யாரு சொல்லணும்? எல்லாரும் வைக்கறாங்க.”

மங்கை மிச்ச முடியை ஒரு கிண்ணத்தில் போட்டாள். சீயக்காய்த் தூளைக் கரைத்து அலசினாள். மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பினாள். எண்ணெயில் படுத்துக்கிடந்த முடி தண்ணீர் வடிய வடியச் சுருளத் தொடங்கியது. ஒவ்வொரு இழையும் தன்பாட்டுக்குச் சின்னச் சின்ன வளையமாக ஆனது.

செலஸ்தின் தட்டின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முடி என்ன செய்யும் என்று அவள் பார்த்ததே இல்லை. அதற்கு முன்னாலேயே கோதண்டம் வந்துவிடுவார்.

“இதுவா?” என்றாள்.

மங்கை அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தாள்.

*

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் சவரிராயன் குடையோடு பட்டறை வாசலுக்கு வந்தார். மகள் குடை எடுக்காமல் போனது தெரிந்து, குருசுக்குப்பத்து வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

“உள்ள வாங்கய்யா,” என்றாள் மங்கை.

“இல்லம்மா. இங்கயே நிக்கறேன்.”

“சாரல் அடிக்குது.”

“பரவால்ல.”

முதுகைப் பட்டறைக்குக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றார். சாரலில் வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. அவர் நகரவில்லை.

செலஸ்தின் கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“வரமாட்டார் டீச்சர். உள்ள என் படம் தொங்குதில்ல.”

மங்கை அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

“போஸ்ட் ஆபீஸ்ல வரிசையில நின்னேன் டீச்சர். எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு. ஆப்பிரிக்காவுலேருந்து யுனிவர்சிட்டிக்குப் படிக்க வந்தவ போல இருக்கு. தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல். பின்னலுக்கு நடுவுல கட்டம் கட்டமா வகிடு. நான் பின்னாடி நின்னு அந்த வகிட்டையே பார்த்துட்டிருந்தேன். அவ வேலை முடிச்சிட்டுப் போனதுகூடத் தெரியல. கவுன்ட்டர்ல இருந்தவர் கத்தினார்.”

“அவகிட்ட ஏதாவது கேட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“என்னன்னு கேக்கறது? நானும் உன்ன மாதிரின்னா? நான் அவ மாதிரியும் இல்ல, இங்க இருக்கிறவங்க மாதிரியும் இல்ல. அவளுக்கு விடுமுறை விட்டா ஊருக்குப் போயிடுவா. எனக்கு இதான் ஊரு.”

கொடியில் தொங்கிய தாள்கள் காற்றில் ஆடின.

“எங்கம்மா தலையிலயும் அப்படித்தான் இருக்கும். கட்டம் கட்டமா. முகம் ஞாபகம் இல்ல டீச்சர். போட்டோவெல்லாம் அப்பா எங்க வச்சார்னு தெரியல. அந்த வகிடு மட்டும் ஞாபகம் இருக்கு. பஸ்ல அம்மா முன் சீட்டுல இருப்பாங்க, நான் பின்னாடி இருந்து வகிட்டுல விரலை வச்சு ஒவ்வொரு தெருவா ஓட்டுவேன்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இத்தனை வயதில் அம்மாவுக்காக அழுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மங்கை கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

*

செலஸ்தின் ஒரு பக்கத்து முடியை வெட்டினாள். அலசினாள். காய வைத்தாள். அட்டையில் கட்டம் போட்டு, வகிடு விட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முடியைச் சுழித்து ஒட்டினாள். அதில் தலை இல்லை, முகம் இல்லை. மேலிருந்து பார்த்த ஊர் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

வார்னிஷ் காய்ந்தது. மை தேய்த்தாள். துடைத்தாள். பிரஸ்ஸின் திருகைத் தன்னால் முடிந்த மட்டும் இறுக்கினாள்.

தாளை உரித்தாள்.

கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. கட்டமும் இல்லை, சுழியும் இல்லை. அட்டையில் இருந்த முடி நசுங்கிப் பட்டையாகிவிட்டது.

“வெறும் கறுப்புதான் வருது டீச்சர்.”

“எதுக்கு அவ்வளவு இறுக்கினீங்க?”

“இறுக்கினாத்தானே வரும்?”

மங்கை நசுங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தாள். குப்பைக் கூடையில் போடாமல் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

“மிச்ச முடியையும் வெட்டிடுங்க,” என்றாள்.

செலஸ்தின் கை தன் தலைக்குப் போனது.

“மிச்சமுமா? எத்தனை மாசம் வளர்த்தது. இதுக்காக அப்பா என்கூட உக்காந்து சாப்பிடறதையே விட்டுட்டார். மறுபடி ஒட்ட வெட்டினா நான் எதுக்கு வளர்த்தேன்?”



செலஸ்தின் வீட்டுக்குப் போனாள். சில நாள் பட்டறைப் பக்கம் வரவில்லை. வீட்டில் பேச யாரும் இல்லை. தெருவில் தமிழ் நல்லா பேசறீங்களே என்கிறவர்கள்தான் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது கத்தரிக்கோலை அவளே கேட்டு வாங்கினாள்.

*

மிச்ச முடியைக் கட்டம் கட்டமாய் ஒட்டிய புதிய அட்டை காய்ந்ததும் செலஸ்தின் மை டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

மங்கை வந்து மூடியை மூடினாள்.

“மை வேணாமா?”

“வேணாம்.”

“அப்புறம் என்ன வரும்?”

மங்கை பிரஸ்ஸின் திருகைத் தளர்த்தினாள். வழக்கமாகப் போடும் கம்பளத்தின் மேல் இன்னொன்றைப் போட்டாள். தாளை நனைத்தது செலஸ்தின். போர்த்தியதும் அவள்தான். சக்கரத்தைச் சுற்றியபோது பிரஸ் முனகவே இல்லை.

தாளை உரித்தார்கள்.

வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வந்தது.

“ஒண்ணும் இல்லியே டீச்சர்.”

மங்கை அதைக் காயவைத்தாள். மறுநாள் எடுத்து, சுருட்டாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொடுத்தாள்.

“வீட்டுக்குக் கொண்டுபோங்க. அப்பாவுக்குக் காட்டாதீங்க.”

“காட்டறதுக்கு என்ன இருக்கு இதுல?”

“அதான் சொல்றேன், காட்ட வேணாம். கையில குடுங்க.”

*

செலஸ்தின் போனபோது சவரிராயன் வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். வெட்டிச் சில நாள் ஆகியும் அவர் பார்த்திராத மகளின் தலையைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

“வெட்டிட்டியா?” என்றார்.

குரலில் நிம்மதி தெரிந்தது. அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. போதும், இனி இவரிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் டீச்சர் சொல்லியிருந்தாள். அட்டைகளை விலக்கித் தாளை எடுத்தாள்.

“இதைக் கொஞ்சம் பிடிங்கப்பா. செருப்பைக் கழட்டணும்.”

“என்னது, வெள்ளைத் தாளா?”

“ஆமாம்.”

அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி பேப்பரில் கண்ணை ஓட்டினார். செலஸ்தின் வாசற்படியில் குனிந்தாள். செருப்பின் வார் பக்கிள் முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கழற்றினாள். இன்னொன்று வரவில்லை.

பேப்பர் கீழே விழும் சத்தம் கேட்டது.

அவள் நிமிர்ந்தாள்.

சவரிராயன் தாளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் தாளின் மேல் இருந்தது. கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. தாளில் புடைத்திருந்த சுழிகளைத் தடவி, அவற்றுக்கு நடுவே இருந்த பள்ளத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நகத்தால் அந்தப் பள்ளத்தின் கடைசி வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். மூலையில் திரும்பினார். அடுத்த கோடு இழுத்தார்.

இன்னொரு கையும் வந்தது. விரல்கள் தாளின் மேல் குவிந்தன. எதையோ மூன்றாகப் பிரித்தன. வலதை நடுவில் போட்டன, இடதை நடுவில் போட்டன. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் விரல்கள் நிற்கவில்லை.

“ஆடாம இரு,” என்றார்.

செலஸ்தின் ஆடவில்லை. 

அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அந்த வீட்டில் அவர் பிரெஞ்சு பேசி அவள் கேட்டதே இல்லை.

“கொஞ்சம்தான் லெயோனி. இந்தப் பக்கம் முடிஞ்சிடும்.”

அவள் ஒரு காலில் செருப்போடு வாசற்படியில் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் குனிந்து மடியைப் பார்த்தார். விரல்கள் நின்றன.

“இது என்ன செலு?”

“என் முடிப்பா.”

“தெரியுது,” என்றார்.

தெருவில் மீன்காரப் பெண்மணி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். குரல் தேய்ந்து மறைந்தது.

“அம்மாவுக்கு நீங்களா பின்னுவீங்க?”

“கடைசியில அவளால கையைத் தூக்க முடியல. ஆஸ்பத்திரிக்கு வர்ற யாருக்கும் பொறுமை இல்ல. அவளேதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா. திட்டித் திட்டிச் சொல்லிக்குடுத்தா.” அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “உன்னைப் பக்கத்து வீட்டுல விட்டிருந்தோம். உனக்குத் தெரியாது.”

“எனக்கு ஏன்பா பின்னல?”

அவர் தாளின் ஓரத்தைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“ஊருக்கு வந்ததும் ஒருநாள் உன்னை முன்னாடி உக்கார வச்சேன். வகிடு எடுக்கக் கையை வச்சேன். அதே தலை. அவ தலை. எனக்குக் கை ஓடல செலு. எழுந்துபோயி சலூன்காரனைக் கூட்டிட்டு வந்தேன்.”

“நான் வெட்கம்னு நெனச்சேன்பா.”

“யாருக்கு?”

“உங்களுக்கு. என்னால.”

சவரிராயன் அவளையே பார்த்தார். அப்படி ஒன்று இருக்க முடியும் என்றே அவருக்குப் புரியவில்லை போலிருந்தது.

“வெட்கமா?” என்றார்.

செலஸ்தின் அழுதாள். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கழற்றாத செருப்போடு உள்ளே வந்தாள். நாற்காலிக்கு முன்னால் தரையில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மூட்டு வலித்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

பின்னால் தாளை எங்கேயோ பத்திரமாக வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு கை அவள் தலைமேல் வந்தது. உச்சியில் தொடங்கிப் பிடரிவரை தடவியது. நகம் வகிடு தேடியது. மறுபடி உச்சிக்குப் போய்த் தேடியது.

“ஒண்ணுமே இல்லியே,” என்றார். “எப்படிப் பின்றது?”

“வளரும்பா.”

“சரி,” என்றார் சவரிராயன்.

கையை எடுக்கவில்லை.